பெரிய கிராணியின் கரண்டுச் சட்டி

என் வீட்டுக்காரர் சுப்பிரமணியம் கேமரன் மலையில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தவர். கடைசி ஒன்பது வருஷம் பெரிய கிராணி. கொழுந்து பறிக்கிறவர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். துரையைக் கண்டால் அவர் எழுந்து நிற்பார். ஆபீசில் அவருக்கென்று நல்ல பிரம்பு நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவர் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம், துரைக்கு அடுத்த அதிகாரியான எங்கள் சின்னத்துரை வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். அவருக்கு முன்னால் அந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லோருமே வெள்ளைக்காரர்கள். இந்த முறை கம்பெனி உள்ளூர் ஆளைப் போடப்போகிறது, அதுவும் தோட்டத்து ஸ்டாஃபிலிருந்தே எடுக்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சின்னத்துரை வேலை என்றால் பங்களா, ஜீப்பு, தோட்டக்காரன் எல்லாம் உண்டு. பேப்பர் படிக்கும்போதுகூட ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். பாத்ரூம் கண்ணாடி முன்னால் "குட்மார்னிங்" சொல்லிப் பார்ப்பது என் காதில் விழும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கக் கோலாலம்பூரிலிருந்து டைரக்டர் மூர்த்தி புதன்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. ஃபேக்டரியைப் பார்த்து, தேயிலையை ருசி பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டைப் பெரிய கிராணி வீட்டில் சாப்பிடுவாராம். என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தார்.

அந்த வாரம்தான் சின்னத்துரையின் துரைசாணி, ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் பங்களா வராந்தாவில் பரப்பி வைத்து விற்றாள். இவர் போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கனத்த சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடி மூடி, பின்னால் ஒரு வயர்.

"என்னங்க இது, படிக்கமா?" என்றேன்.

"கரண்டுச் சட்டி. உன்ன மாதிரி வேலைக்குப் போற பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது. காலையில எல்லாத்தையும் உள்ள போட்டுட்டு நீ பாட்டுக்கு ஸ்கூலுக்குப் போயிரலாம். எட்டு மணி நேரம் கழிச்சு வந்தா சாப்பாடு ரெடி."

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். எனக்கு வேலை மிச்சம் பண்ணவேண்டும் என்று கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு தேங்காயைக்கூடத் துருவிக் கொடுக்காத மனிதர் சொல்கிறார். சட்டியோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. அதில் முதல் பக்கத்திலேயே மாட்டிறைச்சி ஸ்டூ. இறைச்சித் துண்டு, கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், செலரி. பக்கத்தில் பல் வரிசை தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரி. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"மாட்டுக்கறியா? நம்ம வீட்டுலயா?"

"மூர்த்தி சார் லண்டன்ல படிச்சவரு. அவருக்குப் போயி ரசத்தையும் அப்பளத்தையும் வைக்கச் சொல்றியா? நம்மளத் தோட்டத்து ஆளுன்னு நெனச்சிருவாருலா."

"நாம தோட்டத்து ஆளுதானே?"

"அது அவருக்குத் தெரியக்கூடாதுங்கறேன்."

நான் ஒன்றும் விடிய விடியப் பூஜை செய்கிறவள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. அவர் வீட்டிலும் இல்லை. அவருடைய அம்மா காதில் இது விழுந்திருந்தால் கோலா தெர்லாவிலிருந்து நடந்தே வந்து அவரைச் செருப்பால் அடித்திருப்பார். என் அடுப்பு, என் கத்தி, என் சட்டிபானை எதன் மேலும் அந்தக் கறி படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மகாராஜா அதற்கும் சம்மதித்தார். புதுக் கத்தி வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெறும் உருளைக்கிழங்கைப் போட்டு ஒத்திகை பார்த்தார். எங்கள் குடியிருப்புக்குத் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான் கரண்டு வரும். காலையில் ஐந்தரை முதல் ஏழரை வரை, பிறகு சாயங்காலம் ஆறு முதல் பத்தரை வரை. பகலில் ஒரு பல்புகூட எரியாது. இருபத்திரண்டு வருஷம் அந்த வெளிச்சத்தில் குடித்தனம் நடத்தியவருக்கு எட்டு மணி நேரம் என்று புத்தகத்தில் படித்தபோது இது நினைவுக்கு வரவே இல்லை. ஏழரைக்குச் சட்டி செத்தது. மத்தியானம் மூடியைத் திறந்தால் உருளைக்கிழங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லாகக் கிடந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் போனார். பக்கத்து டவுனில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். கறியைப் பேப்பரில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் ஒளித்து, கஞ்சா கடத்துகிறவன் மாதிரி பின்வாசல் வழியாக வந்தார். துணி துவைக்கிற கல்லில் வைத்து, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதை வெட்டினார். நடுவில் இரண்டு தரம் எழுந்து போய் வேலியோரம் குமட்டிவிட்டு வந்தார். சின்னத்துரை ஆகப்போகிறவர்!

"இந்தக் கேரட்டை மட்டும் நறுக்கிக் குடு, நீலா" என்று வாசற்படியில் நின்று கெஞ்சினார். கேரட் என்ன பாவம் செய்தது? நறுக்கிக் கொடுத்தேன். உருளைக்கிழங்கும், வெங்காயமும், செலரியும்கூட நறுக்கிக் கொடுத்தேன்.

"கரண்டுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"அதெல்லாம் யோசிச்சுட்டேன்" என்றார். அவர் யோசித்துவிட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் நான் குடைந்து குடைந்து கேட்பேன். அன்றைக்கு மட்டும் ஏனோ நான் மேலே கேட்கவில்லை.

புதன்கிழமை விடியும் முன்பே சட்டியைக் கம்பளியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடம் போய், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, மத்தியானம் வீடு வந்து, எனக்கென்று சோறும் தக்காளி ரசமும் முட்டைக்கோஸ் பொரியலும் நெத்திலி சம்பலும் செய்தேன். லண்டன்காரர் என்ன தின்றாலும் எனக்கு ராத்திரி பசிக்குமே.

நாலரை மணிக்குப் பின்வாசலில் வீரப்பன் வந்து நின்றான். கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவன், ஃபேக்டரியில் தேயிலை பதம் பார்க்கிறவன். இலை எப்போது வாடியது, எப்போது அடுப்புக்குப் போகவேண்டும் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"டீச்சரம்மா, கோலாலம்பூர்த் துரை நம்ம தேயிலைய வாயில வச்சதும் துப்பிட்டாரு. ஆறு கோப்பை. ஆறையும் துப்பிட்டாரு. வெங்காய வாட அடிக்குது, கறி வாட அடிக்குதுங்கறாரு. நானும் குடிச்சுப் பாத்தேன். உண்மையாவே அடிக்குதும்மா. எப்படின்னே புரியல. ராத்திரிதான் அந்த ஆறு தேயிலைத் தட்டையும் நானே சாம்பிள் ரூம்ல பரப்பி வச்சுட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"கழுவாத கையால தொட்டியான்னு எல்லார் முன்னாலயும் கேட்டாரு. நாளையிலிருந்து ஃபேக்டரிக்குள்ள வராத, மலைக்குப் போயி புல்லு வெட்டுன்னுட்டாரு. கிராணியாரு பக்கத்துலதாம்மா நின்னாரு. அவரு எனக்காக ஒரு வார்த்த சொல்லணும். நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும்."

தேயிலை பக்கத்தில் இருக்கும் வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மலையில் இது குழந்தைக்கும் தெரியும். வெங்காயம், கருவாடு, வாசனை எண்ணெய், தலையில் பூ எதுவும் ஃபேக்டரிக்குள் வரக்கூடாது என்று வாசலில் அறிவிப்பே ஒட்டியிருக்கும். அதை டைப் அடித்து, ஒட்டி, கீழே கையெழுத்தும் போட்டவர் என் வீட்டுக்காரர். ஃபேக்டரியில் பகல் முழுக்கக் கரண்டு உண்டு. சாம்பிள் ரூம் சாவி அவரிடம் இருக்கிறது. எனக்குப் புரிந்துபோயிற்று.

வீரப்பனிடம் நான் சொல்லியிருக்கவேண்டும். "சொல்றேன், நீ போ" என்று மட்டும்தான் சொன்னேன். அவன் குடிக்காத தேத்தண்ணீரைத் திண்டில் வைத்துவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். கம்பளியைப் பிரித்துச் சட்டியை மேசை மேல் வைத்தார். கறி பஞ்சாக வெந்திருந்தது. எட்டு மணி நேரம் சரியாக வேலை செய்த ஒரே ஆள் அந்தச் சட்டிதான்.

"வீரப்பன் வந்துட்டுப் போனான்" என்றேன்.

அவர் சட்டியையே பார்த்தார். "மூணு மணிக்கே எடுத்துட்டேன், நீலா. ஜன்னலைத் தொறந்து விட்டேன். வாட இவ்வளவு புடிச்சுக்கும்னு நெனக்கல."

"அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? இத்தன வருஷம் இதுக்காகத்தானே இருந்தேன். போஸ்ட் கெடைக்கட்டும், மொத வேலையா வீரப்பனை உள்ள எடுத்துர்றேன். சின்னத்துரை சொன்னா யாரு கேக்கப்போறா?"

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு அற்பமாக இருக்கமுடியுமா என்று இருந்தது. இருந்தும் நல்ல மேசைவிரிப்பை எடுத்து விரித்தேன். பீங்கான் தட்டுகளைத் துடைத்து வைத்தேன். ஆறு மணிக்குக் கரண்டு வந்ததும் அவர் சட்டியை மறுபடி சொருகிச் சூடாக்கினார்.

ஏழு மணிக்கு மூர்த்தி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தடித்த கம்பளிக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ். எங்கள் கூடத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, சாமி படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

"ஸ்டூ சார். பீஃப். வீட்ல அடிக்கடி இதான்."

அடிக்கடியாம்! மூர்த்தி குனிந்து மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி மோந்தார். என் வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"மிஸ்டர் சுப்பிரமணியம், இத எங்க வச்சு சமைச்சீங்க?"

"வீட்டுலதான் சார். மெதுவா வேகற சட்டி. எட்டு மணி நேரம்."

"குவார்ட்டர்ஸ்ல பகல்ல கரண்டு ஏது?"

என் வீட்டுக்காரர் சட்டியின் வயரைப் பார்த்தார்.

"மத்தியானம் நான் துப்புனது இதத்தான்" என்றார் மூர்த்தி.

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அந்த மனிதர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், கோட்டுப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். என் வீட்டுக்காரர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து தண்ணீர் மேசைவிரிப்பில் சொட்டியது.

"உக்காருங்க, உக்காருங்க. இத எடுத்து அந்தாண்ட வைங்க. நான் கிளப்புல வாரத்துக்கு ரெண்டு தடவ பீஃப் சாப்பிடறவன். இங்க வந்து உங்க கையால எதுக்கு? அம்மா, உள்ள ரசம் வாசன வருதே, அது இருந்தா குடுங்க."

வீட்டுக்கு வந்தவர் கேட்கிறார். என் சோற்றைக் கொண்டுவந்து போட்டேன். ரசம் ஊற்றினேன், பொரியல் வைத்தேன், சம்பல் வைத்தேன். கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விரலால் பிசைந்து சாப்பிட்டார். லண்டனில் படித்தவர் ரசத்தை வழித்துச் சாப்பிட்ட அழகைப் பார்த்தால் மூன்று நாள் பட்டினி என்று சொல்வீர்கள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். மூன்றாம் தரமும் வாங்கினார். என் வீட்டுக்காரர் தன் தட்டில் அந்த ஸ்டூவைப் போட்டுக்கொண்டு, தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வீரப்பன் மேல தப்பு இல்லன்னு இப்பத் தெரிஞ்சு போச்சில்லீங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"யாரு, அந்த டீ போடறவனா? இருக்கட்டும்மா. லயத்து ஆளு. ரெண்டு ஏச்சு வாங்கினா கொறஞ்சா போயிருவான்? நான் சொன்னதை மாத்துனா நாளைக்கு ஒருத்தனும் பயப்பட மாட்டான்." பொரியலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அம்மா, நீங்க கவலப்படாதீங்க. உங்க வீட்டுக்காரரை எனக்குப் புடிச்சிருக்கு."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"உண்மையாத்தான். ஒரு மனுஷன் ஒரு போஸ்டுக்காகச் சாமி படத்துக்கு எதுத்தாப்பல மாட்டுக்கறியக் கொண்டாந்து வைக்கிறான். கூட வேல செய்யறவன் மாட்டிக்கிட்டு முழிக்கறப்ப, பக்கத்துலயே நின்னு கம்முனு இருக்கான். இந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். படிச்ச பசங்களப் போட்டா எதுத்துப் பேசறானுங்க. இவரு என்ன சொன்னாலும் செய்வாரு. செய்வீங்கதானே?"

"செய்வேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப அடுத்த மாசம் பங்களாவுக்கு மாறிக்கிங்க. இந்தக் கதைய மட்டும் நான் கிளப்புல சொல்லிக்குவேன், கோவிச்சுக்காதீங்க."

"தேங்க்யூ சார்."

கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் சிரித்தார், நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அவரை நான் இளப்பமாகப் பேசாத நாள் இல்லை. அந்த வாரம் முழுக்க மனசுக்குள் அவரை மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எங்கிருந்தோ வந்த ஒருவன், என் சோற்றை என் தட்டில் பிசைந்துகொண்டு, அதே மிதியை மிதித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். அதனால்தான் அப்படி எரிந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பது எங்களில் பகையாளிக்குக்கூட யாரும் செய்கிற காரியம் இல்லை. நான் கையை நீட்டி மூர்த்தியின் தட்டை எடுத்தேன். பாதி உருண்டை அவர் விரலில் இருந்தது.

"என்னம்மா இது? நான் இன்னும் முடிக்கலியே."

"முடிஞ்சிருச்சு சார். கைய கழுவிக்கிங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். குரல் மாறிப்போயிருந்தது.

"மிஸ்டர் சுப்பிரமணியம், உங்க சம்சாரம் என்ன செய்யறாங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

ஒரு வார்த்தை போதும். மன்னிச்சிருங்க சார், அவளுக்கு உடம்பு சரியில்ல, புத்தி சரியில்ல என்று எதையாவது சொன்னால் போதும், பங்களா நிற்கும். அவர் அதைச் சொல்வார் என்றுதான் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்தார். மூடினார். தன் தட்டிலிருந்த கறியைப் பார்த்தார்.

"தெரியுது சார்" என்றார்.

மூர்த்தி கையைக் கழுவாமலே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் யாரும் அவரை வழியனுப்பவில்லை. கார் திரும்பி, தேயிலைச் சரிவில் வெளிச்சத்தை அடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனது.

"போச்சு, நீலா" என்றார் அவர்.

"போச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு நான் அழுதேன். எனக்கும் அந்தப் பங்களாவின் மேல் ஆசை இருந்தது. துரைசாணியின் விற்பனைக்கு நானும்தான் பின்னால் போயிருந்தேன், படுக்கையறை ஜன்னலுக்கு எத்தனை கெஜம் துணி வேண்டும் என்று கையால் அளந்து பார்த்துவிட்டு வந்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் அன்றைக்குச் சொன்னேன். ஏழு கெஜம் என்றேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

பிறகு அடுக்கிலிருந்து தூக்குப்போணியை எடுத்தார். மிச்சமிருந்த சோற்றை அதில் போட்டார். மேல் தட்டில் பொரியலையும் சம்பலையும் வைத்தார். கை பழக்கமில்லாமல் பாதியைக் கீழே சிந்தினார்.

"எங்க போறீங்க?"

"லயத்துக்கு. வீரப்பன்கிட்ட நான்தான்னு சொல்லணும்" என்றார். "அவன் மத்தியானத்துலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டான்."